உதிர்ந்த இடத்தையும் வரைதல்

பல மாதங்களாக என் கணினித் திரையின் பின்னணியில் ஒரு பாப்பிரஸ் புதர் நின்றது. புதரின் இரு பக்கமும் மெல்லிய படகுகள். இரண்டிலும் ஒரே மனிதன். இடப்பக்கம் பறவைக் கூட்டத்தை நோக்கி எறிகோலை ஓங்குகிறான். வலப்பக்கம் மீனைக் குத்துகிறான். மனைவியும் மக்களும் உடன் நிற்கிறார்கள். ஒரு சிறுமி குனிந்து தண்ணீரிலிருந்து மொட்டு ஒன்றைப் பறிக்கிறாள். (எகிப்து என்றாலே தாமரை என்று எழுதிவிடுகிறோம். அது அல்லி.) பூனையும் கீரியும் தண்டுகளில் ஏறிப் பறவைக் கூடுகளைக் குறிவைக்கின்றன. வேட்டைக்காரனுக்கு முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தை யாரோ கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். மென்னா என்ற எகிப்தியரின் கல்லறைச் சுவர் என்பதால் கோப்புக்கு 'மென்னா சுவர்' என்று பெயரிட்டு வைத்திருந்தேன். 3,400 ஆண்டுப் பழமையான சுவர்தான் இது என்று என்னை நம்பவைத்ததே அந்தக் காயம்தான்.

ஒருநாள் படத்தின் கீழ்க்குறிப்பை நிதானமாகப் படித்தேன். 'தாளில் டெம்பரா' என்றிருந்தது. வரைந்தவர் நீனா டி காரிஸ் டேவிஸ். ஆண்டு 1924. இருக்குமிடம் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம். இத்தனை நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது தாளை. அந்தக் கொத்தல்கூடத் தூரிகையால் போட்டதுதான். பட்டு என்று ஆசையாக வாங்கிவந்த புடவையை வீட்டுப் பெண்கள் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சும்மா மடித்து வைப்பார்களே, அப்போது வருகிற எரிச்சல் எனக்கு வந்தது. எரிச்சல் அடங்கியபின் ஒன்று மட்டும் மிஞ்சியது. அழகாக இருப்பதைப் பார்த்து வரைவது புரிகிறது. ஒருவன் வன்மத்தோடு கொத்திய பள்ளத்தை, அதன் விளிம்பும் மண்ணின் நிறமும் தப்பாமல், மணிக்கணக்கில் உட்கார்ந்து வரைவது எதற்காக?

தமிழில் இந்தக் காரியத்துக்கு இரண்டு சொற்கள் புழக்கத்தில் உண்டு. ஒன்று நகல். அசல், நகல் என்று ஜோடியாக வரும்போது நகல் தலைகுனிந்து நிற்கும். இரண்டுமே அரபியிலிருந்து நமக்கு வந்தவை. அங்கே 'நக்ல்' என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லுதல். எகிப்தில் போக்குவரத்து அமைச்சகத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. இங்கே வந்து சேர்வதற்குள்தான் அதன்மேல் போலி என்கிற சாயம் ஏறிவிட்டது. மற்றது படி. ஏடு படியெடுத்தவர்கள் நம்மிடம் இருந்தார்கள். ஓலை சில நூற்றாண்டுகளுக்குமேல் தாங்குவது அரிது. படியெடுக்காத நூல் செத்துப்போகும். சங்கப் பாடல்களின் முதல் ஓலை எங்கே என்று நாம் யாரும் கேட்பதில்லை, படியே நூல். ஆனால் சுவர் அப்படியல்ல. சுவருக்கு இடம் உண்டு, மலை உண்டு, அதற்குள் ஒரு பிணம் உண்டு. அதைப் படியெடுத்தால் வருவது இன்னொரு சுவரா, சுவரைப் பற்றிய சாட்சியமா என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1906இல் எகிப்தியக் கலைக்கென்று தனித்துறை தொடங்கியது. அடுத்த ஆண்டே, கல்லறை ஓவியங்களைப் படியெடுக்க ஒரு தனிப் பிரிவு நைல் நதியின் மேற்குக் கரையில், பழைய தீப்ஸ் நகரத்துக்கு எதிரே குர்னா மலையடிவாரத்தில் வேலையை ஆரம்பித்தது. பொறுப்பேற்ற நார்மன் டி காரிஸ் டேவிஸ் ஒருகாலத்தில் கிறித்துவ மதபோதகராக இருந்தவர். அமர்னாவின் பாறைக் கல்லறைகளை ஆறு தொகுதிகளாகப் பதிவு செய்து பெயர் பெற்றவர். அதே 1907இல் அவர் மணந்த நீனா, லண்டனில் ஓவியம் பயின்றவர். இருவரும் 1939 வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேல், அந்த மலைச்சரிவில் வாழ்ந்து வேலை செய்தார்கள். சார்ல்ஸ் வில்கின்சன் முதலிய வேறு சில ஓவியர்களும் வெவ்வேறு காலங்களில் சேர்ந்துகொண்டார்கள். இன்று அந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் பலநூறு படிகளில் பெரும்பங்கு நீனாவின் கையிலிருந்து வந்தது. லண்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் உள்ளவை வேறு. அவற்றில் பல, ஆலன் கார்டினர் என்ற மொழியறிஞர் தன் செலவில் வரையச் சொல்லி வாங்கி வழங்கியவை. 1936இல் 104 வண்ணப் பலகைகளோடு 'பண்டைய எகிப்திய ஓவியங்கள்' என்ற பெருநூல் வந்தபோது அதன் அட்டையில் இருந்த முதல் பெயர் நீனாவுடையது.

புகைப்படம் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று தோன்றலாம். அதே கல்லறைகளில் ஹாரி பர்ட்டன் எடுத்த படங்கள் புகைப்படக் கலையின் உச்சங்களில் சேரும். ஆனால் அவை கறுப்பு வெள்ளை. அந்தச் சுவர்களின் உயிரே நிறத்தில் இருந்தது.

அந்தச் சுவரை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் நீனாவின் வேலை புரியும். குர்னாவின் சுண்ணாம்புப் பாறை பல இடங்களில் மட்டமானது, செதுக்கினால் பொரிந்துவிடும். அதனால் பாறையைக் குடைந்து, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பி, மேலே வெண்மையாக ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தார்கள். செங்காவி தோய்த்த நூலைச் சுவரில் விறைப்பாக இழுத்துச் சுண்டினால் நேர்கோடு விழும். நம் ஊர்த் தச்சர்களும் செய்வதுதான். அந்தக் கோடுகளால் கட்டங்கள் போட்டு, கட்டத்துக்குள் உருவத்தின் அளவைப் பிடித்தார்கள். பின்னணி முதலில், நிரப்பு நிறங்கள் அடுத்து, ஓரக்கோடு கடைசியில். காவிகள், விளக்குக் கரி, தாளகம் என்று நாம் சொல்லும் மஞ்சள் ஆர்சனிகக் கல், மணலையும் செம்பையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சூளையில் சுட்டெடுத்த எகிப்திய நீலம். எல்லாவற்றையும் பிசினிலோ வஜ்ஜிரத்திலோ குழைத்து, காய்ந்த பூச்சின்மேல் கனமாகத் தீட்டினார்கள்.

படியெடுக்க வந்தவர்கள் முதலில் கையாண்டது நீர்வண்ணம். அது கண்ணாடி மாதிரி. அடியிலிருக்கும் தாளின் வெண்மை மேலே கசிந்து வரும். எகிப்தியச் சுவரின் நிறமோ ஒளியைத் தன்மேலேயே நிறுத்திக்கொள்ளும், உள்ளே விடாது. ஆகவே முட்டையின் மஞ்சள் கருவில் நிறமியைக் குழைக்கும் டெம்பராவுக்கு மாறினார்கள். ஐரோப்பாவில் அது எண்ணெய் வண்ணத்துக்கு முந்தைய முறை, கோயில் பலகைகளில் மகான்களை எழுதிய முறை. தாளின் வெண்மையை நம்பாமல் வெள்ளையையும் நிறமாகவே வைக்கலாம். ஒன்றின்மேல் ஒன்றாக, பழைய ஓவியன் வைத்த அதே வரிசையில் அடுக்கலாம். வரிசை மாறினால் விளிம்பு மாறும். ஓரக்கோடு உடலின் நிறத்தின்மேல் லேசாக ஏறி நிற்கிறதா, பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறதா என்பதில் அந்த ஓவியனின் மணிக்கட்டு தெரிந்துவிடும். நீனாவின் படிகளைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது என்னைப் பிடித்து நிறுத்துவது இதுதான். வேறொருவரின் அவசரத்தை நிதானமாக வரைந்திருக்கிறார். தூரிகை ஓரிடத்தில் வறண்டு இழுபட்டிருந்தால், அந்த வறட்சியையும் ஈரத் தூரிகையால் செய்திருக்கிறார்.

மலைக்குள் வெளிச்சம் எப்படி? வாசலில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வெயிலை உள்ளே திருப்புவார்கள். உள்ளே வெள்ளைத் துணி போர்த்திய சட்டம் அதை வாங்கிச் சுவரெங்கும் பரப்பும். சூரியன் நகர்ந்துகொண்டே இருப்பதால் கண்ணாடியையும் நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். அந்தக் கைகள் யாருடையவை என்று கீழ்க்குறிப்பில் இருக்காது. இன்னொன்றும் தோன்றுகிறது. மென்னாவின் வேட்டைக் காட்சி, கல்லறை மண்டபத்தின் உள்கூடத்தில் இருக்கிறது. அதைத் தீட்டியவன் வாசலிலிருந்து எட்டிய மங்கல் ஒளியையும் திரி விளக்கையும் வைத்துக்கொண்டுதான் தீட்டியிருப்பான். நீனா அதைப் பார்த்த வெளிச்சத்தில் அவன் தன் ஓவியத்தைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. அந்த அளவில் படி அசலைவிட ஒருபடி துலக்கமாக இருக்கிறது. இது பெருமையா குறையா என்று எனக்கே இரண்டு மனம்.

படியெடுத்தவர்களின் பழைய வரலாற்றைப் பார்த்தால் நீனாவின் அடக்கம் எவ்வளவு அபூர்வமானது என்று புரியும். ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் புரூஸ் 1760களின் இறுதியில் அரசர்களின் பள்ளத்தாக்கில் மூன்றாம் ராமேசஸின் கல்லறைக்குள் நுழைந்தார். ஒரு பக்க அறையில் இரண்டு யாழிசைக் கலைஞர்கள் தீட்டப்பட்டிருந்தார்கள். அவர் கொண்டுபோன சித்திரம் 1790இல் அச்சாகி ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டது. கல்லறைக்கே புரூஸ் கல்லறை என்று பெயர் விழுந்தது. அச்சில் யாழ் வாசிப்பவரோ தீப்ஸிலிருந்து வந்தவராகத் தெரியவில்லை. உடல் வளைவிலும் ஆடை மடிப்பிலும் அந்தக் கால ஐரோப்பிய வரவேற்பறைக்குப் பொருந்துகிற ஓர் ஆள் நிற்கிறார். புரூஸ் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கண்டது அதுதான். கை வரைவதற்கு முன்பே கண் வரைந்து முடித்துவிடுகிறது. அசலிலிருந்த அந்த இசைஞர்கள் பிற்பாடு மிகவும் சிதைந்துபோனார்கள் என்பது இதில் துயரமான பகுதி.

பெல்சோனி வேறு ரகம். சர்க்கஸில் பலசாலியாக இருந்த இத்தாலியர். 1817இல் முதலாம் சேத்தியின் கல்லறையைத் திறந்தவர். உள்ளே நிறம் பச்சையாக, நேற்றுத் தீட்டியது போலிருந்தது. அவர் வண்ணச் சித்திரங்கள் எழுதியதோடு நிற்காமல், புடைப்புச் சிற்பங்களின்மேல் மெழுகை அழுத்தி அச்சு எடுத்தார். 1821இல் லண்டன் பிக்காடில்லியில் அந்தக் கல்லறையின் அறைகளை மாதிரியாக எழுப்பி, கட்டணம் வாங்கிக் காட்டினார். கூட்டம் அலைமோதியது. அழுத்தி எடுத்த மெழுகோடும், பின்னால் வந்தவர்கள் ஒற்றி எடுத்த ஈரத்தாளோடும் சுவரின் நிறமும் போயிற்று. படியெடுப்பதே சுவரைத் தின்ற கதை இது. சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய ஷாம்பொல்லியன் 1829இல் அங்கே வந்தபோது படியெடுக்கும் சிரமமே வேண்டாம் என்று ஒரு நிலைப்புடைப்பை அறுத்தே எடுத்தார். அது இப்போது லூவ்ரில். உடன்வந்த இத்தாலியர் ரோசெல்லினியின் குழு எடுத்த அதன் இணை பிளாரன்ஸில். நவீன காலத்தில் அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்த முதல் மனிதரே சுவரில் ரம்பம் வைத்தார் என்பதை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை.

அறுத்தெடுத்ததற்கு உச்சமான உதாரணம் நெபமூன் என்பவரின் கல்லறை. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பதினொரு துண்டுகள் எகிப்திய ஓவியத்தின் முகவரி போல ஆகிவிட்டவை. வேட்டையில் உடன்வந்து பறவைகளைக் கவ்வும் அந்தப் பூனையைப் பார்க்காதவர் குறைவு. பிரிட்டிஷ் தூதர் ஹென்றி சால்ட்டுக்காகக் கிரேக்கரான தத்தானாசி 1820வாக்கில் வெட்டியெடுத்தவை. கல்லறை எங்கே இருந்தது என்ற சரியான இடம் அவரோடு போயிற்று. இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. பூனை இருக்கிறது, பூனையின் வீடு இல்லை. நீனா அந்தத் துண்டுகளையும் படியெடுத்தார், லண்டனில் உட்கார்ந்து. மலையடிவாரத்தில் அவர் எடுத்த படிகளுக்கு ஒரு சுவர் சாட்சியாக நிற்கிறது. இவற்றுக்கு அது இல்லை.

சாட்சி என்ற சொல் சும்மா வரவில்லை. குர்னாவில் 15ஆம் எண் கல்லறை தெத்திகி என்பவருடையது. நார்மன் அதைப் பதிவு செய்து 1925இல் வெளியிட்டார். பிறகு காலப்போக்கில் கல்லறை மண்மூடி, இடம் தெரியாமல் போனது. இதற்கிடையில் திருடர்கள் சுவரை அறுத்தார்கள். ஐந்து துண்டுகள் சந்தை வழியாக 2000இலும் 2003இலும் லூவ்ருக்கு வந்து சேர்ந்தன. 2008இல் ஆய்வாளர்கள் அந்தக் கல்லறையை மறுபடி கண்டடைந்தபோது சுவரில் அறுபட்ட பள்ளங்கள் இருந்தன. எகிப்து கேட்டது, மறுத்தால் உறவு இல்லை என்றது. 2009 இறுதியில் பிரான்ஸ் திருப்பிக் கொடுத்தது. பதிவான சுவரைத் திருடுவது, போட்டோ எடுத்த நகையைத் திருடுவது மாதிரி. எங்கே போனாலும் ஒருநாள் பிடிபடும்.

ஆனால் படிகளும் சாகும். அஜந்தாவை நினைத்துப் பாருங்கள். ராபர்ட் கில் என்ற மதராஸ் ராணுவ அதிகாரி 1840களில் தொடங்கி இருபது ஆண்டுகள் அந்தக் குகைகளில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் எடுத்த படிகள் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1866இல் ஏறக்குறைய எல்லாம் எரிந்தன. அவர் விட்ட இடத்தில் பம்பாய் ஓவியக் கல்லூரியின் ஜான் கிரிஃபித்ஸ் தன் மாணவர்களோடு மறுபடி ஆரம்பித்தார். அவற்றிலும் பல 1885இல் சவுத் கென்சிங்டன் தீயில் போயின. குகைச்சுவர் ஆயிரத்தைந்நூறு ஆண்டு நின்றது, பத்திரமாக வைத்த படிகள் சில பத்தாண்டுகள்கூட நிற்கவில்லை. எகிப்தின் கதையிலும் இப்படி ஒரு விபத்து உண்டு. நக்த் என்பவரின் கல்லறையை டேவிஸ் தம்பதி படியெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கே புதைகுழியிலிருந்து ஒரு சிறு சிலை கிடைத்தது. மண்டியிட்டு, கல்வெட்டுப் பலகையை முன்னால் பிடித்திருக்கும் நக்த். நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். அது ஏறிய 'அரபிக்' கப்பலை 1915 ஆகஸ்டில் ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கியது. பழைய தீப்ஸின் ஆமுன் கோயிலில் இரவு நேரங்களைக் கணக்கிட்டவர் இன்று அட்லாண்டிக்கின் அடியில். கிளம்புவதற்கு முன்பு எடுத்துவைத்த பதிவுகளில்தான் அந்தச் சிலைக்கு இனி உருவம்.

மென்னாவின் முகத்துக்கு வருகிறேன். மென்னா அரசனின் வயல்களுக்குக் கணக்கெழுதியவர். அளந்து, விளைச்சலை மதிப்பிட்டு, வரி சொல்கிற அதிகாரி. நம் ஊர்க் கர்ணத்துக்குக் கிடைத்த அன்பும் பகையும் அவருக்கும் கிடைத்திருக்கும் போல. கல்லறையெங்கும் அவர் முகத்தையும் கண்களையும் குறிவைத்துக் கொத்தியிருக்கிறார்கள். எகிப்தியர் நம்பிக்கையில் சுவரிலிருப்பது படமல்ல, இறந்தவரின் மறுவாழ்வுக்கான உடல். கண்ணைக் கொத்தினால் அவர் அங்கே எதையும் காணமுடியாது, எறிகோலை ஓங்கினாலும் பறவை விழாது. ஆக அந்தக் கொத்தலும் இந்தச் சுவரில் நடந்த வேலைதான். தீட்டியவன் ஒரு நாளில் செய்தான், பகைவன் வேறொரு நாளில். படியெடுக்கவந்த பெண்ணுக்கு முன்னால் இருவரின் கைவேலையும் இருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருத்தியிருக்கலாம். பக்கத்துச் சுவர்களில் மென்னா வகையறா முகங்கள் எத்தனையோ இருந்தன. ஒன்றைப் பார்த்து இங்கே இட்டு நிரப்புவது கையோடு வந்திருக்கும், பார்ப்பவர்களும் மகிழ்ந்திருப்பார்கள். புரூஸ் அதைச் செய்யத் தயங்கியிருக்க மாட்டார். நீனா செய்யவில்லை. தீட்டியவனுக்குக் கீழ்ப்படிந்த அதே தூரிகையால் கொத்தியவனுக்கும் கீழ்ப்படிந்தார்.

அதனால்தான் அவருடைய தாள் மென்னாவின் படம் அல்ல, ஒரு சுவரின் 1924ஆம் ஆண்டு முகம். சுவர் அதற்குப் பிறகும் வயதாகிக்கொண்டிருக்கிறது. தாள் அந்தப் பருவத்தில் நின்றுவிட்டது. தாளுக்கும் வயதாகும் என்பது வேறு கதை. இன்று அருங்காட்சியகத்தில் அதற்கும் சேர்க்கை எண் உண்டு. ஒருகாலத்தில் அசலுக்குப் பதிலாகத் தொங்கவிட்ட பொருளை இப்போது அசலைப்போலவே பார்த்துக்கொள்கிறார்கள்.

கீழ்க்குறிப்பில் இன்னொரு புதிர். ஓவியர் பெயர் இருக்குமிடத்தில் நீனாவின் பெயர் இருக்கிறது. மென்னாவுக்காகத் தீட்டியவனின் பெயர் யாருக்கும் தெரியாது. படியெடுத்தவருக்குப் பெயர், படைத்தவனுக்கு இல்லை. ஏட்டுலகில் புலவருக்குப் பெயர் உண்டு, படியெடுத்தவருக்கு இல்லை. இது அதற்கு நேர் தலைகீழ். ஆனால் நீனாவின் பெயரும் அப்படியொன்றும் துலக்கமாக நின்றுவிடவில்லை. கணவன் மனைவி இருவருக்கும் தலைப்பெழுத்துகள் ஒன்றே. எந்தத் தாளில் யார் கை என்று குழம்புவதற்கு அது போதும். குழப்பம் வரும் இடத்தில் பெருமை எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நான் என் கோப்பின் பெயரை மாற்றினேன். 'நீனா, 1924'.

படியெடுத்தலை விட்டு வெளியே போய்ப் புகழ்பெற்றவரும் உண்டு. ஹோவர்ட் கார்ட்டர் 1891இல் பதினேழு வயதில் எகிப்துக்கு வந்தது பெனி ஹசன் கல்லறைகளைப் படியெடுக்கத்தான். பின்னர் ஆறு ஆண்டுகள் ஹத்ஷெப்சுத்தின் கோயிலில் அதே வேலை. அரசு வேலையை விட்டபின் நீர்வண்ணப் படங்கள் விற்றுப் பிழைத்ததும் உண்டு. 1922இல் துட்டன்காமுனைக் கண்டுபிடித்தவர், அந்தப் புதையறைக்குள் இருந்த பொன்வேய்ந்த பேழைகளை வெளியே எடுப்பதற்காக ஓவியம் தீட்டிய ஒரு தடுப்புச் சுவரை உடைக்கவேண்டியிருந்தது. படியெடுத்துப் பழகிய கை அதைச் செய்தபோது என்ன நினைத்ததோ. உடைக்கும் முன் பர்ட்டன் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து வைத்திருந்தார். மாட்ரிட்டைச் சேர்ந்த ஃபேக்டம் ஆர்ட்டே என்ற பட்டறை அந்தப் புதையறையை முழுவதும் வருடிப் பதிவு செய்து, அச்சு அசலாக ஓர் அறை செய்து, 2014இல் கார்ட்டர் வாழ்ந்த வீட்டுக்குப் பக்கத்தில் நிலத்தடியில் திறந்தது. பயணிகளின் மூச்சு ஈரம் அசல் அறையைக் கெடுக்கிறது, அவர்கள் இங்கே வரட்டும் என்பது எண்ணம். கார்ட்டர் உடைத்த அந்தச் சுவர்ப்பகுதியையும் பர்ட்டனின் படத்திலிருந்து மீட்டுத் தனியே வைத்திருக்கிறார்கள்.

அந்த வேலையை நான் மதிக்கிறேன். மில்லிமீட்டரின் சிறு பின்னம்வரை சுவரின் மேடுபள்ளம் அதில் உண்டு. ஆயினும் இயந்திரத்துக்கு நிறமும் காயமும் ஒன்றுதான். அது எதையும் விட்டுவிட ஆசைப்படாது. நீனாவிடம் ஆசை இருந்திருக்கும். அதைத் தினமும் அடக்கியிருப்பார். அவருடைய தாளை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எது அசல் என்பதுகூட எப்போதும் உறுதியாக இருப்பதில்லை. மெய்டூம் வாத்துகள் என்று பெயர்பெற்ற ஓவியம் கெய்ரோவில் இருக்கிறது. வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் மூன்று, மேய்கிற ஆறு காட்டு வாத்துகள். நாலாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேற்பட்டவை. மெட்ரோபாலிடனுக்காக வில்கின்சன் அதைப் படியெடுத்தார். 2015இல் இத்தாலிய ஆய்வாளர் பிரான்செஸ்கோ திராதித்தி, அந்த வாத்துகளே பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த போலி என்று வாதிட்டார். எகிப்திய அறிஞர்கள் கொதித்தெழுந்து மறுத்தார்கள். பெரும்பாலோர் இன்றும் ஏற்கவில்லை, நானும் நம்பவில்லை. ஆனாலும் அந்தச் சர்ச்சையின்போது ஒன்றைக் கவனித்தேன். கெய்ரோவின் வாத்துகள்மேல் வழக்கு நடந்தபோது நியூயார்க்கின் வாத்துகள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. தாம் யார் என்று அவை ஒருபோதும் மறைத்ததில்லை.

படியெடுப்பதில் எகிப்தியர்களுக்கே வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. மென்னாவின் கல்லறையில், வேட்டைக் காட்சிக்கு வரும் முன், வெளிக்கூடத்தில் அறுவடை நடக்கிறது. கதிர் பொறுக்கும் பெண்களில் இரண்டுபேர் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போடுகிறார்கள். ஒருவன் மரத்தடியில் தூங்குகிறான். இன்னொரு மூலையில் இரண்டு சிறுமிகள் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, ஒருத்தி மற்றவளின் பாதத்தைக் கையில் வாங்கி முள் எடுக்கிறாள். வயலில் வெறுங்காலோடு நடந்த எவருக்கும் அந்த உட்காரும் விதம் தெரியும். சுமார் எழுநூற்றைம்பது ஆண்டு கழித்து, தீப்ஸின் நகரத் தலைவரான மொந்துஎம்ஹாத் தனக்குப் பெரிய கல்லறை எழுப்பினார். அவருடைய சிற்பிகளில் ஒருவர், அந்தச் சிறுமிகளைச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கினார். மென்னாவின் சுவரைப் பார்த்தே எடுத்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்போதே அது பழைய கல்லறை. அவர் மலையேறி வந்து, உள்ளே குனிந்து நுழைந்து, அதிகாரியையும் வேட்டையையும் விட்டுவிட்டு, மூலையிலிருந்த முள்ளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நீனா உட்கார்ந்து வேலை செய்த அந்தத் தரையில் இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு படியெடுப்பவர் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கல்லும் இப்போது நியூயார்க்கில்தான் இருக்கிறது, புரூக்ளின் அருங்காட்சியகத்தில். மென்னாவின் சிறுமிகள் இன்னும் குர்னாவில், மலைக்குள். அங்கே ஒருத்தி காலை நீட்டியிருக்கிறாள், இங்கேயும் நீட்டியிருக்கிறாள். எதிரே இருப்பவள் குனிந்து, முள் எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.